பெயர் போட்டவர் பொறுப்பேற்க வேண்டும்: ஆய்வுக் கட்டுரைகளும் அவற்றின் நெறிமுறைகளும்

(எமது வானொலியில் ஞாயிறு மாலை ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



வழமையாக இந்த நிகழ்ச்சியில் வரி, ஓய்வூதியம், வீட்டுக் கடன் என்று காசு சம்பந்தமான விடயங்களையே உங்களோடு பேசி வருகின்றேன். இந்த மாதம் அதிலிருந்து சற்று விலகி, ஆய்வாளர்கள் தங்கள் ஆய்வுகளை வெளியிடும்போது கடைப்பிடிக்க வேண்டிய நெறிமுறைகளைப் பற்றிச் சொல்லலாம் என்று நினைக்கின்றேன். ஒரு கணக்காளருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். இரண்டு காரணங்கள் இருக்கின்றன. முதலாவது, இது அடிப்படையில் ஒரு கணக்கு விடயம். இரண்டாவது, இதே ஒலிவாங்கிக்கு முன்னால் இருந்து நான் விட்ட ஒரு பிழை.

நான் வாசித்த செய்தி

2020ஆம் ஆண்டு மே மாதம். கொரோனா காலம். கலையகத்துக்குப் போக முடியாமல் வீட்டிலிருந்தே நிகழ்ச்சிகளை ஒலிப்பதிவு செய்து அனுப்பிக்கொண்டிருந்தோம். வெளியே போக முடியாத எங்கள் முதியவர்களுக்கு வானொலிதான் துணையாக இருந்தது. மே 22ஆம் திகதி, உலகப் புகழ் பெற்ற 'லான்செற்' மருத்துவ ஆய்விதழில் ஒரு கட்டுரை வெளிவந்தது. கொரோனாவுக்கு அப்போது பல நாடுகளில் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருந்த ஹைட்ரொக்சிகுளோரோகுயின் என்ற மருந்தை எடுத்த நோயாளிகள், எடுக்காதவர்களை விடக் கூடுதலாக இறக்கின்றார்கள் என்று அது கூறியது. அந்த வார இறுதி நிகழ்ச்சியில் இதனை நான் செய்தியாக வாசித்தேன்.

மூன்று வாரங்களுக்குப் பிறகு ஒரு அம்மா தொலைபேசி எடுத்தார். எழுபது வயதைத் தாண்டியவர், எங்கள் நிரந்தர நேயர். "தம்பி, நீங்கள் ரேடியோவில சொன்னதைக் கேட்டு நான் குளிசையை நிப்பாட்டிப்போட்டன். இப்ப கை விரல் மடக்கேலாமல் கிடக்கு" என்றார். ஹைட்ரொக்சிகுளோரோகுயின் கொரோனாவுக்காகக் கண்டுபிடித்த மருந்து அல்ல. மூட்டுவாதத்துக்கும் லூப்பஸ் என்ற நோய்க்கும் மருத்துவர்கள் நெடுங்காலமாகக் கொடுத்து வரும் மருந்து. அந்த அம்மா அதைப் பல வருடங்களாக எடுத்து வந்தவர். ஆளைக் கொல்லும் மருந்து என்று பயந்து, வைத்தியரைக் கேட்காமலே நிறுத்திவிட்டார். எவரையும் மருந்தை நிறுத்தச் சொல்லி நான் சொல்லவில்லை. ஆனால் வேறு நோய்க்கு இதே குளிசையை எடுப்பவர்கள் நிறுத்தக் கூடாது என்றும் சொல்லவில்லை.

இதிலே என்னை மிகவும் வருத்தியது வேறொன்று. அவர் தொலைபேசி எடுத்த நாளில் அந்தக் கட்டுரை உயிரோடு இல்லை. ஜூன் 4ஆம் திகதியே அதை மீளப்பெற்றுவிட்டார்கள். நானும் அந்தச் செய்தியைப் பார்த்திருந்தேன். ஆய்வாளர்களுக்கு இடையிலான பிரச்சினை, எங்கள் நேயர்களுக்கு எதற்கு என்று விட்டுவிட்டேன். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். எங்கேயோ யாரோ எழுதிய கட்டுரை, இங்கே ஒரு தாயின் விரல்களை வீங்க வைத்தது. நடுவில் நின்றவன் நான்.

கணக்கு எங்கே உதைத்தது?

அந்தக் கட்டுரையில் என்ன நடந்தது என்பதை விளக்குகின்றேன். ஆறு கண்டங்களில் 671 மருத்துவமனைகள், 96,032 நோயாளிகள் என்று பெரிய எண்ணிக்கைகளை அது காட்டியது. மருந்து எடுக்காதவர்களில் நூற்றுக்கு 9.3 பேரும், ஹைட்ரொக்சிகுளோரோகுயின் மட்டும் எடுத்தவர்களில் 18 பேரும் மருத்துவமனையில் இறந்ததாகக் கூறியது. நான்கு பேர் எழுதிய கட்டுரை அது. தரவுகள் முழுவதும் சேர்ஜிஸ்பியர் என்ற ஒரு சிறிய அமெரிக்க நிறுவனத்திடமிருந்து வந்தவை. அதன் தலைவரும் அந்த நால்வருள் ஒருவர்.

கட்டுரை வந்த மூன்றாம் நாளே, தனது பரிசோதனையில் இந்த மருந்துக்குரிய பகுதியை இடைநிறுத்துவதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. வேறு நாடுகளிலும் பரிசோதனைகள் நின்றன. ஒரு கட்டுரைக்கு எவ்வளவு பலம் பாருங்கள்!

பிழையைக் காட்டிக்கொடுத்தது எங்கள் அவுஸ்திரேலியக் கணக்குத்தான். ஏப்ரல் 21ஆம் திகதி வரை இங்குள்ள ஐந்து மருத்துவமனைகளில் சுமார் 600 நோயாளிகள் இருந்ததாகவும் அவர்களில் 73 பேர் இறந்ததாகவும் கட்டுரை கூறியது. ஆனால் அந்தத் திகதி வரை அவுஸ்திரேலியா முழுவதிலும் கொரோனாவினால் இறந்தவர்களாகப் பதிவானோர் 67 பேர் மட்டுமே. நாடு முழுவதும் 67. ஐந்து மருத்துவமனைகளில் 73! 'கார்டியன்' பத்திரிகையின் அவுஸ்திரேலியப் பிரிவு இதை வெளிக்கொண்டு வந்தது. மெல்பேர்ணிலும் சிட்னியிலும் உள்ள மருத்துவமனைகளைக் கேட்டபோது, அப்படி ஒரு தரவுத்தளத்தோடு தங்களுக்குத் தொடர்பில்லை என்றார்கள்.

வங்கிக் கணக்கிணக்கக் கூற்று தயாரித்தவர்களுக்கு இந்த இடம் நன்றாக விளங்கும். காசேட்டில் ஒரு தொகை, வங்கிக் கூற்றில் இன்னொரு தொகை. வித்தியாசம் ஆறுதானே என்று விட முடியாது. அந்த ஆறு எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால், சில வேளைகளில் முழுப் புத்தகமுமே பொய் என்று தெரியவரும்.

ஆசியாவைச் சேர்ந்த ஒரு மருத்துவமனை தவறுதலாக அவுஸ்திரேலியக் கணக்கில் சேர்ந்துவிட்டது என்று முதலில் திருத்தம் வந்தது. நூற்றுக்கு மேற்பட்ட ஆய்வாளர்கள் பகிரங்கக் கடிதம் எழுதி, மூலத் தரவுகளைச் சுயாதீனமாகப் பரிசோதிக்கக் கேட்டார்கள். பரிசோதிக்கவும் ஆட்களை ஒழுங்கு செய்தார்கள். ஆனால் வாடிக்கையாளரோடுள்ள ஒப்பந்தம், இரகசியம் என்று காரணம் சொல்லி முழுத் தரவையும் கொடுக்க நிறுவனம் மறுத்துவிட்டது. அதன் பின் மற்ற மூன்று கட்டுரையாளர்களும், தரவுகள் உண்மையானவை என்று தங்களால் இனி உறுதி கூற முடியாது எனக் கட்டுரையை மீளப்பெற்றார்கள். அதே நாளில், அதே நிறுவனத்தின் தரவுகளை வைத்து 'நியூ இங்கிலாந்து மருத்துவ ஆய்விதழில்' வெளிவந்திருந்த இன்னொரு கட்டுரையும் மீளப்பெறப்பட்டது. மூலத் தரவு தங்கள் எல்லோருக்கும் காட்டப்படவில்லை என்று அதன் கட்டுரையாளர்கள் ஒப்புக்கொண்டார்கள்.

இரண்டு கட்டுரைகளிலும் முதற் பெயராக நின்றவர் மன்தீப் மேரா. ஹார்வார்ட் பல்கலைக்கழகத்தோடு தொடர்புடைய மதிப்பு மிக்க இருதய வைத்தியர். தரவின் மூலம் பொருத்தமானதா என்று தான் போதியளவு பார்க்கவில்லை என்று அவர் பின்னர் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். பெரியவர்களின் பெயரைப் பார்த்துத்தான் உலகம் நம்பியது. அந்தப் பெரியவர்களோ பேரேட்டைப் பார்க்காமலே கையெழுத்து வைத்திருந்தார்கள்.

மதிப்பாய்வு கணக்காய்வு அல்ல

நல்ல ஆய்விதழ் என்றால் வெளியிட முன் அதே துறையிலுள்ள வேறு அறிஞர்களுக்கு அனுப்பி மதிப்பாய்வு செய்வார்களே, அவர்கள் ஏன் இதைப் பிடிக்கவில்லை என்று கேட்பீர்கள்.

வர்த்தகம் படித்த எல்லோருக்கும் முதல் வருடத்திலேயே ஒரு பாடம் சொல்லித் தருவார்கள். பரீட்சை மீதி சமப்பட்டுவிட்டால் கணக்கு சரி என்று அர்த்தமல்ல. இல்லாத ஒரு கொள்வனவை இரண்டு பக்கமும் பதிந்திருந்தாலும் அது சமப்படும். மதிப்பாய்வாளர் பார்ப்பது பெரும்பாலும் இறுதிக் கணக்கைத்தான். முறை சரியா, வாதம் பொருந்துகின்றதா, முடிவு தரவோடு ஒத்துப்போகின்றதா என்று பார்ப்பார். பற்றுச்சீட்டுக் கட்டை அவிழ்த்துப் பார்ப்பது அவருடைய வேலையாக ஏற்பாடு செய்யப்படவில்லை. பெரும்பாலும் ஊதியமில்லாமல், தன் வேலைகளுக்கு இடையில் செய்து கொடுப்பவர் அவர். ஆகவே பற்றுச்சீட்டைப் பார்த்த கடைசி மனிதர் கட்டுரையாளர்தான். அவர் பார்க்காவிட்டால் வேறு எவரும் பார்க்கப் போவதில்லை. வெளியீட்டு நெறிமுறைகளின் முழுப் பாரமும் கட்டுரையாளர் மேல் விழுவதற்கு இதுவே காரணம்.

யார் கட்டுரையாளர்?

இங்கே என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். 1990களின் நடுப்பகுதியில் கொழும்பில் ஒரு கணக்காய்வு அலுவலகத்தில் பயிலுனராக இருந்தேன். ஒரு கம்பனியின் களஞ்சியத்தில் வருட இறுதி இருப்பை எண்ண அனுப்பினார்கள். களஞ்சியப் பொறுப்பாளர் பட்டியலை நீட்டி, "தம்பி, எல்லாம் எண்ணியாச்சு. தேத்தண்ணியைக் குடிச்சிட்டுக் கையெழுத்தைப் போடுங்கோ" என்றார். நல்ல மனிதராகத் தெரிந்தார். போட்டேன். மாலையில் வந்த எங்கள் மேலாளர், "மேல்தட்டுப் பெட்டிகளைத் திறந்து பார்த்தனீரா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். திறந்தோம். முதல் வரிசையிலேயே நான்கு பெட்டிகள் வெறுமையாக இருந்தன. என் கையெழுத்து பட்டியலின் அடியில் ஈரம் காயாமல் இருந்தது. அன்று பட்ட வெட்கம் இன்றும் மறக்கவில்லை.

ஆய்வுலகமும் இந்தக் கையெழுத்துக்கு ஒரு வரைவிலக்கணம் வைத்திருக்கின்றது. 1978இல் கனடாவின் வன்கூவர் நகரில் மருத்துவ ஆய்விதழ்களின் பதிப்பாசிரியர்கள் சிலர் கூடினார்கள். அதிலிருந்து வளர்ந்த சர்வதேசக் குழு வகுத்துள்ள விதிப்படி, ஒருவரைக் கட்டுரையாளர் என்று சொல்வதற்கு நான்கு தகுதிகளும் சேர்ந்திருக்க வேண்டும். ஆய்வைத் திட்டமிடுவதிலோ, தரவைச் சேகரிப்பதிலோ, பகுப்பாய்வதிலோ கணிசமான பங்கு இருக்க வேண்டும். கட்டுரையை எழுதுவதிலோ, அறிவுபூர்வமாகத் திருத்துவதிலோ பங்கு இருக்க வேண்டும். வெளியாகும் இறுதி வடிவத்துக்குச் சம்மதம் கொடுத்திருக்க வேண்டும். கட்டுரையின் எந்தப் பகுதியைப் பற்றிக் கேள்வி எழுந்தாலும் அது ஒழுங்காக விசாரிக்கப்பட்டுத் தீர்க்கப்படுவதற்குப் பொறுப்பேற்க வேண்டும். இந்த நான்காவது தகுதி 2013இல் சேர்க்கப்பட்டது.

இதன்படி, பணம் தேடித் தந்தார், துறைத் தலைவராக இருக்கின்றார் என்பதற்காக மட்டும் ஒருவரின் பெயரைப் போட முடியாது. அதே போல, உண்மையில் உழைத்தவரின் பெயரை விடவும் முடியாது. செயற்கை நுண்ணறிவுச் செயலிகளைக் கட்டுரையாளராகப் போடக் கூடாது என்றும் 2023இல் இந்தக் குழு தெளிவாக்கியது. காரணம் எளிது. இயந்திரத்தால் பொறுப்பேற்க முடியாது. பயன்படுத்தியிருந்தால் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

சேர்ஜிஸ்பியர் விவகாரத்துக்குப் பின் 'லான்செற்' இன்னொரு விதியையும் 2020இலேயே கொண்டுவந்தது. ஒன்றுக்கு மேற்பட்ட கட்டுரையாளர்கள் மூலத் தரவை நேரில் பார்த்துச் சரிபிழை பார்த்திருக்க வேண்டும், யார் பார்த்தார்கள் என்பதையும் எழுதித் தர வேண்டும். காசோலைக்கு இரண்டு கையெழுத்து வேண்டும் என்று எங்கள் சங்கங்களின் யாப்பில் எழுதி வைத்திருக்கின்றோமே, அதே நியாயம்தான்.

யாருடைய காசு?

அடுத்த நெறிமுறை, நலன் முரண்பாட்டை வெளிப்படுத்துவது. இதற்கு மிகப் பெரிய உதாரணம் பிரித்தானியாவில் நடந்தது. 1998 பெப்ரவரியில் அன்ட்ரூ வேக்ஃபீல்ட் என்ற வைத்தியரும் வேறு பன்னிரண்டு பேரும், அதே 'லான்செற்' இதழில், 12 பிள்ளைகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா மூன்றுக்கும் சேர்த்துப் போடும் தடுப்பூசிக்கும் ஓட்டிசத்துக்கும் தொடர்பிருக்கலாம் என்ற சந்தேகத்தை அது கிளப்பியது. பெற்றோர் பயந்தார்கள். இங்கிலாந்தில் இந்தத் தடுப்பூசி போட்ட பிள்ளைகளின் விகிதம் 2003-2004இல் நூற்றுக்கு 80 அளவுக்கு இறங்கியது. சின்னமுத்து பரவாமல் தடுக்க 95 வேண்டும்.

2004இல் பிரையன் டீயர் என்ற பத்திரிகையாளர் உண்மையைத் தோண்டி எடுத்தார். தடுப்பூசிக் கம்பனிகள் மீது வழக்குத் தொடர ஆயத்தமான சட்டத்தரணியிடமிருந்து வேக்ஃபீல்டுக்குப் பணம் வந்திருந்தது. அந்தத் தொகை மொத்தமாக 4 இலட்சம் பவுண்களுக்கு மேல் என்று பின்னர் தெரியவந்தது. கட்டுரையில் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. கூட எழுதியவர்களில் பத்துப் பேர் 2004 மார்ச்சில் அந்த விளக்கத்திலிருந்து விலகினார்கள். கட்டுரை முழுமையாக மீளப்பெறப்பட்டது 2010 பெப்ரவரியில். அதே வருடம் மே மாதம் வேக்ஃபீல்டின் பெயர் பிரித்தானிய வைத்தியர் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது.

கவனியுங்கள். சேர்ஜிஸ்பியர் கட்டுரை 13 நாட்களில் போனது. இது போக 12 வருடங்கள் எடுத்தது. டென்மார்க்கில் 657,461 பிள்ளைகளைப் பின்தொடர்ந்து 2019இல் வெளியான ஆய்வு உட்பட எத்தனையோ பெரிய ஆய்வுகள் தடுப்பூசிக்கும் ஓட்டிசத்துக்கும் தொடர்பில்லை என்று காட்டிவிட்டன. ஆனாலும் குழந்தை பிறந்த வீடுகளில் இந்தக் கேள்வியை இன்றும் என்னிடம் கேட்கின்றார்கள்.

காசு வாங்கி ஆய்வு செய்வது குற்றம் அல்ல. ஆய்வுக்குக் காசு வேண்டும்தானே. யாரிடம் வாங்கினேன் என்று வாசகருக்குச் சொல்லாமல் விடுவதுதான் குற்றம். கம்பனிப் பணிப்பாளர் தன் மைத்துனரின் கடையிலிருந்து பொருள் வாங்கினால் அதைக் கணக்கறிக்கையில் குறிப்பிட வேண்டும் என்று சட்டம் சொல்வது போல.

மற்ற விதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகின்றேன். இல்லாத தரவை உருவாக்கக் கூடாது; இருப்பதை வளைக்கக் கூடாது; பிறர் எழுத்தைத் தனதென்று போடக் கூடாது. ஒரே கட்டுரையை ஒரே நேரத்தில் இரண்டு இதழ்களுக்கு அனுப்பக் கூடாது. ஒரே ஆய்வைத் துண்டு துண்டாக வெட்டி ஐந்து கட்டுரை ஆக்கிக் கணக்குக் காட்டக் கூடாது. மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வென்றால், அவர்களின் சம்மதமும் நெறிமுறைக் குழுவின் அனுமதியும் வேண்டும். வெளியான பின் பிழை தெரிந்தால், தானே முன்வந்து இதழுக்கு அறிவிக்க வேண்டும்.

விடை சரியென்றால் போதாதா?

எங்கள் நேயர் ஒருவர், ஓய்வு பெற்ற ஆசிரியர், என்னிடம் ஒரு நல்ல கேள்வி கேட்டார். "அந்த மருந்து கொரோனாவுக்குச் சரிவராது என்றுதானே பிறகு முடிவாச்சு. அப்ப அந்தக் கட்டுரை சொன்னது சரிதானே?"

உண்மைதான். பிரித்தானியாவில் 'றிக்கவரி' என்ற பெரிய பரிசோதனை நடந்தது. அதில் யாருக்கு மருந்து, யாருக்கு இல்லை என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானித்தார்கள். மருந்து பெற்ற 1,561 பேரில் நூற்றுக்கு 27 பேரும், வழமையான சிகிச்சை மட்டும் பெற்ற 3,155 பேரில் நூற்றுக்கு 25 பேரும் 28 நாட்களுக்குள் இறந்தார்கள். அந்த வித்தியாசம் தற்செயலாகவும் வரக்கூடிய அளவுதான். மருந்தினால் பயனில்லை என்பது முடிவு. இறப்பு இரட்டிப்பாகின்றது என்று சேர்ஜிஸ்பியர் எண்கள் காட்டிய படத்துக்கும் இதற்கும் எவ்வளவு தூரம் என்று பாருங்கள்.

இரண்டும் ஒரே விடையைச் சொல்லியிருந்தாலும் கூட என் பதில் மாறாது. களஞ்சியத்தை எண்ணாமல் ஊகித்து எழுதிய தொகை தற்செயலாகச் சரியாக இருந்தால், அதை இருப்புக் கணக்கு என்று சொல்ல மாட்டோம். அடுத்த முறை அதே கையெழுத்தை எப்படி நம்புவது? ஆய்வுலகம் ஒருவர் கட்டியதன் மேல் இன்னொருவர் கட்டுவது. மீளப்பெற்ற கட்டுரைகளைக் கூட, மீளப்பெற்றது தெரியாமல், பின்னால் வருபவர்கள் மேற்கோள் காட்டிக்கொண்டிருக்கின்றார்கள்.

எங்கள் பிள்ளைகளுக்கு

எங்கள் சமூகத்துப் பிள்ளைகள் பலர் இன்று இங்கே முனைவர் பட்ட ஆய்வு செய்கின்றார்கள். அவர்களில் ஒரு பிள்ளை என்னிடம், "மாமா, என்ர கட்டுரையில ஒரு வரிகூட வாசிக்காத ஆளின்ர பெயரையும் போடச் சொல்லினம். என்ன செய்யிறது?" என்று கேட்டார். எங்கள் பண்பாட்டில் பெரியவரை எதிர்த்துப் பேசுவது கஷ்டம் என்று எனக்கும் தெரியும். ஆனால் அவுஸ்திரேலியாவில் 2018ஆம் ஆண்டு வெளியான பொறுப்பான ஆய்வு நடத்தைக் கோவை, கணிசமான அறிவுப் பங்களிப்புச் செய்தவருக்கே பெயர் என்று சொல்கின்றது. பல்கலைக்கழகங்களில் ஆய்வு நேர்மை ஆலோசகர்களும் இருக்கின்றார்கள். அவர்களோடு பேசலாம். யார் பெயர், எந்த ஒழுங்கில் என்பதை ஆய்வு தொடங்கும்போதே பேசி எழுதி வைத்துக்கொள்வது இன்னும் நல்லது. அத்தோடு, காசு கட்டினால் ஒரு வாரத்தில் போடுகின்றோம் என்று மின்னஞ்சல் அனுப்பும் இதழ்களுக்கு ஏமாற வேண்டாம். முதலில் உங்கள் நூலகரைக் கேளுங்கள்.

எங்களுக்கு

அந்த அம்மா தன் வைத்தியரிடம் போய், மீண்டும் குளிசையைத் தொடங்கினார். அதற்கு அடுத்த வார நிகழ்ச்சியில், முதற்செய்தியை வாசித்த அதே இடத்தில், அதே அளவு நேரம் எடுத்து, கட்டுரை மீளப்பெறப்பட்டதைச் சொன்னேன். நான் பிந்திவிட்டேன் என்பதையும் சொன்னேன். அன்றிலிருந்து ஒரு கொப்பி வைத்திருக்கின்றேன். வானொலியில் சொல்லும் ஒவ்வொரு ஆய்வுச் செய்தியையும் திகதியோடு அதில் எழுதுவேன். இதழின் பெயர், செய்தவர் யார், காசு கொடுத்தவர் யார், எத்தனை பேரை வைத்துச் செய்தார்கள், வேறு எவராவது இதையே கண்டிருக்கின்றார்களா என்று ஐந்து நிரல்கள். ஆறாவது நிரல் வெறுமையாக இருக்கும். அது திருத்தத்துக்கு. மாதத்துக்கு ஒரு தடவை இருந்து, பழையவற்றில் ஏதும் மாறியிருக்கின்றதா என்று பார்க்கின்றேன்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த வானொலியில் எந்த மருந்தைப் பற்றி எதைக் கேட்டாலும், உங்கள் வைத்தியரிடம் கேட்காமல் எதையும் நிறுத்தவும் வேண்டாம், தொடங்கவும் வேண்டாம். நாங்கள் சொன்னதில் பிழை கண்டால் உடனே கலையகத்துக்கு அறிவியுங்கள். ஆறாவது நிரலில் எழுதி, அடுத்த ஒலிபரப்பிலேயே சொல்கின்றேன்.

அடுத்த மாதம் வழமை போல வரி விடயத்தோடு சந்திப்போம்.